மூட்டையோடு தூக்காதீர்கள்

கணினிக் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எக்செல் கடிதங்கள். கோப்பு திறக்கவே மாட்டேன் என்கிறது என்று ஒருவர், திறந்தது மூட மாட்டேன் என்கிறது என்று இன்னொருவர். முதல் கடிதத்துக்குப் பதில் கொஞ்சம் நீளும். தே-ஓ ஒன்று கலக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: அக்கா, ஜோர்ஜ் டவுனில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு வேலை பார்க்கிறேன். பி.எச்.பி. நிரல்மொழி ஓரளவு தெரியும். கடையின் 11 வருட பில்கள் ஒரே எக்செல் கோப்பில் இருக்கின்றன. 320,000 வரிசை, 12 பத்தி. கோப்பின் அளவு 19 எம்பிதான். அதைப் புதிய பில்லிங் மென்பொருளுக்கு ஏற்ற, பிஎச்பி ஸ்ப்ரெட்ஷீட் என்ற நூலகத்தை (ஆயத்த நிரல் தொகுப்பை) வைத்து ஒரு நிரல் எழுதினேன். திறக்கும்போதே 'நினைவகம் போதாது' என்று நின்றுவிடுகிறது. நிரலுக்கான நினைவக வரம்பை 128 எம்பியிலிருந்து 512 ஆக்கியும் அதே கதை. முதலாளி புது கம்ப்யூட்டர் வாங்கித் தருகிறேன் என்கிறார். வாங்கச் சொல்லட்டுமா?
- ஒரு வாசகர், பினாங்கு

பதில்: வேண்டாம் தம்பி. புது கம்ப்யூட்டரிலும் உங்கள் நிரல் இதே இடத்தில்தான் விழும். முதலாளி தானாகக் காசை நீட்டுகிற நாள் அடிக்கடி வராது. அதைச் சம்பளத்தில் கூட்டிக் கேட்டுப் பாருங்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 320,000 வரிசையை 12 பத்தியால் பெருக்கினால் 3,840,000 கட்டங்கள். ஒரு கட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளச் சராசரியாக 1.6 கேபி பிடிக்கும் என்று அந்த நூலகத்தின் கையேடே சொல்கிறது. மொத்தம் 6 ஜிபி. நீங்கள் கொடுத்தது 512 எம்பி. பத்து கிலோ அரிசிப் பையைப் பிடித்துக்கொண்டு லோரிக்குக் கீழே நிற்கிறீர்கள்.

"கோப்பு 19 எம்பிதானே?" என்கிறீர்கள். கோப்பை ஒரு நகல் எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள 'எக்ஸ்எல்எஸ்எக்ஸ்' என்பதை 'ஜிப்' என்று மாற்றித் திறந்து பாருங்கள். எக்செல் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். உள்ளே தாளுக்கு ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். பக்கத்திலேயே 'ஷேர்டு ஸ்டிரிங்ஸ்' என்று இன்னொன்று இருக்கும். உங்கள் கடையின் பில்களில் 'உளுந்து' ஒன்பதாயிரம் இடத்தில் வந்திருந்தாலும், அந்தச் சொல் அங்கே ஒரே ஒரு முறைதான் எழுதப்பட்டிருக்கும். தாளில் அந்தந்தக் கட்டத்தில் இருப்பது "பட்டியலில் இத்தனையாவது சொல்" என்கிற எண் மட்டும். அதோடு சுருக்கியும் வைத்திருப்பதால்தான் 19 எம்பி. ஒரு கட்டத்துக்கு 40 எழுத்து என்று குறைத்து மதிப்பிட்டாலும், தாளை விரித்தால் 150 எம்பியைத் தாண்டும்.

இதைத் தவணை தவணையாகப் படிக்க அந்த நூலகத்திலேயே வழி இருக்கிறது. 'ரீட் ஃபில்டர்' என்பார்கள். கல்யாண மண்டப வாசலில் பட்டியலோடு நிற்கிற மாமா மாதிரி அது. ஒவ்வொரு கட்டத்துக்கும் "இந்தப் பத்தி, இந்த வரிசை, இந்தத் தாள், உள்ளே விடவா?" என்று உங்கள் நிரலைக் கேட்கும். நீங்கள் ஆம், இல்லை சொல்ல வேண்டும். முதலில் 1 முதல் 5,000 வரை, பிறகு 5,001 முதல் 10,000 வரை என்று போகலாம். பத்தியையும் வடிகட்டலாம். உங்கள் 12 பத்தியில் புதிய மென்பொருளுக்கு 6 போதும் என்றால், ஒரு தவணைக்கு 30,000 கட்டங்கள், 48 எம்பி. மொத்தம் 64 தவணை.

இதை எழுதும்போது எல்லாரும் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. ஒவ்வொன்றிலும் நானே விழுந்திருக்கிறேன். கையேட்டில் உள்ள மாதிரி நிரல், தலைப்பு வேண்டுமே என்று முதல் வரிசையை எல்லாத் தவணையிலும் உள்ளே விடும். அதைக் கவனிக்காமல் ஏற்றினால், 'பில் எண்' என்ற பெயரிலேயே 64 பில்கள் கடைக் கணக்கில் உட்கார்ந்துவிடும். அடுத்தது, இரண்டாம் தவணையின் முதல் வரிசை 1 என்று நினைத்துக்கொள்வது. அது தன் பழைய முகவரியிலேயே, 5,001-இல்தான் இருக்கும். தாள் முழுவதையும் ஒரே பட்டியலாக மாற்றினால் முன்னால் 5,000 வெற்று வரிசை வந்து நிற்கும். கடைசித் தவணையில் அது 315,000. அதனால் எந்த வரிசையிலிருந்து எதுவரை என்று எல்லை சொல்லி எடுங்கள். ஒரு தவணை முடிந்ததும் தாள்களைப் புத்தகத்திலிருந்து (நினைவில் திறந்திருக்கும் முழு எக்செல் கோப்பு) கழற்றிவிட்டு, அதற்கான கட்டளை நூலகத்திலேயே இருக்கிறது, அதன் பிறகுதான் மாறியை அழிக்க வேண்டும். தாளும் புத்தகமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால், வெறுமனே அழித்தால் நினைவகம் உடனே காலியாகாது. வேகத்துக்காக 'ரீட் டேட்டா ஒன்லி' போட்டீர்களென்றால் தேதி எல்லாம் எண்ணாக வரும். 45292 என்று பார்த்துப் பதற வேண்டாம், அது 1 ஜனவரி 2024. எக்செல் தேதியை 1900-இலிருந்து நாள் எண்ணித்தான் வைத்திருக்கிறது. மாற்றித் தரும் வசதி நூலகத்தில் உண்டு.

இவ்வளவும் சொல்லிவிட்டு, உங்கள் கோப்புக்கு நான் இந்த வழியைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

காரணம் இருக்கிறது. பத்துமலைக்குக் காவடி எடுப்பவர் 272 படியையும் ஒரே மூச்சில் ஏறுகிறார். இந்த ஃபில்டரோ நான்கு படி ஏறி, கீழே இறங்கி, மறுபடி முதல் படியிலிருந்து தொடங்கி எட்டாம் படி வரை போகிறது. அப்புறம் மீண்டும் கீழே. ஒவ்வொரு தவணைக்கும் பொட்டலத்தைப் பிரித்து, சொற்பட்டியலைப் படித்து, அந்த 150 எம்பித் தாளை விரித்து, முதல் வரிசையிலிருந்து நடந்து வரும். வேண்டாத கட்டங்களை உள்ளே விடாதே தவிர, அவற்றைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். 128 எம்பியில் தாளை விரிக்கவே இடம் இல்லை. 512-இல் ஓடும், ஆனால் நீங்கள் கீழே போய் நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு வந்தும் ஓடிக்கொண்டிருக்கும். தவணையைச் சின்னதாக்கினால் பத்திரம் என்று நினைத்து 500 வரிசையாக வைக்கிறவர்கள் உண்டு. அவர்கள் 640 முறை மலை ஏறுகிறார்கள்.

உங்களுக்கு ஏற்றது ஒரே நடையில் போகிற கருவி. பி.எச்.பி.யிலேயே 'ஓப்பன்ஸ்பவுட்' என்று ஒன்று இருக்கிறது. முன்னால் மட்டும் போகும், திரும்பாது. ஒரு வரிசையைக் கையில் கொடுக்கும், வாங்கிக்கொண்டதும் அடுத்தது. 5,000 சேர்ந்ததும் நீங்கள் தரவுத்தளத்தில் ஒரு கட்டாகப் போட்டுவிட்டுத் தொடரலாம். இன்னும் எளிது, இது ஒரே ஒரு தடவைதான் செய்யப் போகிற வேலை என்றால், எக்செல்லிலேயே திறந்து சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) சேமித்து, பி.எச்.பி.யின் சொந்த சிஎஸ்வி கட்டளையால் வரி வரியாகப் படிப்பது. எந்த நூலகமும் வேண்டாம். சிஎஸ்வியின் குழிகளைக் கீழே மற்றக் கடிதங்களில் சொல்கிறேன், அதையும் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

நினைவகம் இதில் சின்னப் பிரச்சினைதான். அது தீர்ந்தால் கத்திச் சொல்லிவிட்டு நிற்கும். நான் பயப்படுவது வெட்டுகிற இடத்துக்கு. 5,000-ஆவது வரிசை ஒரு பில்லின் நடுவில் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு சாமான், ஏழு வரிசை. உளுந்து, துவரம் பருப்பு, மல்லி, காய்ந்த மிளகாய், இந்த நாலும் முதல் தவணையில். சீரகம், சோம்பு, புளி மூன்றும் அடுத்த தவணையில். பில்லின் மொத்தத்தைத் தவணைக்குள்ளேயே கூட்டுகிற நிரலாக இருந்தால், நாலு சாமானுக்கு ஒரு மொத்தம் எழுதும், பிறகு மூன்று சாமானுக்கு ஒரு மொத்தத்தை அதன் மேலேயே எழுதிவிட்டுப் போகும். பிழைச் செய்தி வராது. உளுந்தும் பருப்பும் சத்தமில்லாமல் காணாமல் போகும். 64 தவணை என்றால் 63 இடத்தில் இது நடக்கலாம்.

அதனால் தவணையின் கடைசி பில்லை எழுதாதீர்கள், கையிலேயே வைத்திருங்கள். அடுத்த பில் எண் தலை காட்டிய பிறகு எழுதுங்கள். எல்லாம் முடிந்ததும் கையில் ஒரு பில் மிஞ்சியிருக்கும், அதை எழுத மறந்துவிடுவது இன்னொரு வழக்கமான தவறு. இந்த முறைக்குக் கோப்பு பில் எண் வாரியாக அடுக்கியிருக்க வேண்டும்.

என் கதை ஒன்று. சில வருடத்துக்கு முன் பிறையில் ஒரு கடைக்கு இதே மாதிரி பழைய பில்களை ஏற்றிக் கொடுத்தேன். 41 தவணை. 23-ஆவது ஓடும்போது மின்சாரம் போனது. வந்ததும் நான் மகா புத்திசாலித்தனமாக முதலிலிருந்து ஓடவிட்டேன். முதல் 22 தவணையும் இரண்டு முறை ஏறின. மாதக் கடைசியில் கடன் பாக்கிக் கணக்கு எல்லாக் கடைகளுக்கும் போயிற்று. புக்கிட் மெர்தாஜாமில் மீ கடை வைத்திருப்பவர் அந்தக் காகிதத்தோடு நேரே வந்துவிட்டார். மேசையில் வைத்து, "ஏம்மா, நான் என்ன ரெண்டு கடையா வச்சிருக்கேன்?" என்றார். அன்று மாலை வரை கடைகளுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

அன்றிலிருந்து, எந்த வரிசை வரை முடிந்தது என்பதைத் தரவுத்தளத்திலேயே ஒரு சின்ன அட்டவணையில் எழுதிவைக்கிறேன். தவணையும் அந்தக் குறிப்பும் ஒரே பரிவர்த்தனையில் சேர்ந்தே பதிய வேண்டும், இல்லையென்றால் சேர்ந்தே ரத்தாக வேண்டும். பில் எண்ணையும் பில்லுக்குள் வரி எண்ணையும் சேர்த்துத் தனித்தன்மைச் சாவியாக வைத்துவிடுங்கள், இரண்டாம் முறை வந்தால் தரவுத்தளமே வாசலில் நிறுத்தும். முடிந்ததும் இரு பக்கமும் வரிசை எண்ணிக்கையையும் மொத்த வெள்ளியையும் ஒப்பிடுங்கள். ஒரு சென் வித்தியாசம் இருந்தாலும் முதலாளியிடம் 'முடிந்தது' என்று சொல்லாதீர்கள்.

கேள்வி: பைத்தான் நிரல்மொழியில் பாண்டாஸ் என்ற நூலகத்தைப் பயன்படுத்துகிறேன். சிஎஸ்வி படிக்கும்போது 'சங்க்சைஸ்' (ஒரு தவணைக்கு எத்தனை வரிசை) கொடுத்தால் தவணையாக வருகிறது. எக்செல்லுக்கு அதையே கொடுத்தால் பிழை. என் தவறா?
- ஒரு மாணவி, செந்தூல்

பதில்: உங்கள் தவறு இல்லை, எக்செல் படிக்கும் கட்டளையில் அந்த வசதியே கிடையாது. எத்தனை வரிசை தாண்ட வேண்டும், எத்தனை எடுக்க வேண்டும் என்று சொல்லிச் சமாளிக்கலாம், ஆனால் அதுவும் மேலே சொன்ன மலை ஏறும் கதைதான். 'ஓப்பன்பைஎக்செல்' நூலகத்தில் 'ரீட் ஒன்லி' என்று திறந்து வரிசை வரிசையாக நடந்து போங்கள். சாதாரணமாகத் திறந்தால் கோப்பின் அளவைப்போல ஏறக்குறைய 50 மடங்கு நினைவகம் எடுக்கும், 50 எம்பி கோப்புக்கு 2.5 ஜிபி என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ரீட் ஒன்லியில் திறந்ததை வேலை முடிந்ததும் நீங்களேதான் மூட வேண்டும், மறக்காதீர்கள்.

சிஎஸ்வியாக மாற்றுவதென்றால், சேமிக்கும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்பதைத் தேர்ந்தெடுங்கள், யுடிஎஃப்-8 என்பது எல்லா மொழி எழுத்தையும் பைட்டுகளாக எழுதிவைக்கும் முறை. அதற்குக் கீழே வெறும் 'சிஎஸ்வி' என்றும் ஒன்று இருக்கும். அதில் சேமித்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறி வரிசையாகிவிடும், திரும்ப வராது. பெரிய சிஎஸ்வியைத் துண்டு போடுகிற இலவசக் கருவிகளை நம்பும் முன்பும் ஒரு சோதனை செய்யுங்கள். பைட் கணக்கில் வெட்டுகிற கருவி தமிழை உடைக்கும். யுடிஎஃப்-8-இல் 'நி' என்ற ஓர் எழுத்துக்கு ஆறு பைட், 'ந'-வுக்கு மூன்று, அதன் மேல் ஏறும் இகரக் குறிக்கு மூன்று. கத்தி நடுவில் விழுந்தால் ஒரு துண்டின் வாலிலும் அடுத்ததன் தலையிலும் குப்பை எழுத்து நிற்கும். வரி கணக்கில் வெட்டுகிற கருவிக்கு வேறு வியாதி. முகவரியை ஆல்ட்-என்டர் தட்டி ஒரே கட்டத்தில் மூன்று வரியாக எழுதியிருப்பார்கள் நம் ஆட்கள். கருவி அதை மூன்று வரிசை என்று எண்ணும். வீட்டு எண் ஒரு துண்டில், தாமான் பெயர் அடுத்த துண்டில். பாண்டாஸின் சங்க்சைஸ் மேற்கோள் குறியைப் பார்த்துப் படிப்பதால் இந்தக் கோளாறு வராது.

கேள்வி: கோயில் அன்னதான நன்கொடையாளர் பட்டியல் நான்தான் பார்க்கிறேன். ஐசி (அடையாள அட்டை) எண் சிலருக்கு 11 இலக்கம்தான் தெரிகிறது, சிலருக்கு 7.50412ஈ+11 என்று வருகிறது. நான் சரியாகத்தான் தட்டினேன்.
- ஒரு வாசகி, கோலாலம்பூர்

பதில்: நீங்கள் சரியாகத்தான் தட்டியிருப்பீர்கள் அம்மா. எக்செல் அதைக் கூட்டிக் கழிக்கிற எண் என்று நினைத்துக்கொண்டது. நம் ஐசி 12 இலக்கம், முதல் ஆறு பிறந்த தேதி. 2003-இல் பிறந்த பிள்ளைக்கு 03 என்று தொடங்கும், எண்ணுக்கு முன்னால் சுழியம் எதற்கு என்று அதை விழுங்கிவிடும், மிஞ்சுவது 11. 1975-இல் பிறந்தவருக்கு 12 இலக்கமும் இருக்கிறது, அது 11-ஐத் தாண்டுவதால் அந்த ஈ+11 வேடம். அலோர் ஸ்டாரின் அஞ்சல் குறியீடு 05000 வெறும் 5000 ஆவதும் இதனால்தான்.

இனி தட்டுவதற்கு முன் அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே போனதை மீட்க, பக்கத்துப் பத்தியில் டெக்ஸ்ட் சூத்திரத்தைப் பன்னிரண்டு சுழியத்தோடு எழுதினால் விட்ட சுழியங்கள் முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். இந்த வேலையை முடிக்கும்வரை மட்டும் யார் கேட்டாலும் அந்தக் கோப்பைச் சிஎஸ்வியாகச் சேமித்துத் தராதீர்கள். திரையில் என்ன தெரிகிறதோ அதைத்தான் எக்செல் சிஎஸ்வியில் எழுதும். ஈ+11 அப்படியே போய், கடைசி ஆறு இலக்கமும் நிரந்தரமாகப் போய்விடும். (பினாங்குத் தம்பி, வெள்ளிப் பத்தியில் நீங்கள் தசமத்தை மறைத்து வைத்திருந்தால் உங்கள் சென்னும் அப்படித்தான் போகும்.)

கேள்வி: எங்கள் கடையின் பழைய மென்பொருள் வருடா வருடம் விற்பனையை எக்ஸ்எல்எஸ் கோப்பாகத் தரும். இந்த வருடம் நவம்பர் நடுவோடு நிற்கிறது. பிழை எதுவும் காட்டவில்லை.
- ஒரு வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கடைசி வரிசையின் எண்ணைப் பாருங்கள். 65,536 என்று இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். பழைய எக்ஸ்எல்எஸ் வகையின் எல்லை அதுதான். 2007-இல் வந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸில் 1,048,576. உங்கள் வியாபாரம் வளர்ந்துவிட்டது, வாழ்த்துகள், மென்பொருளுக்கு அது தெரியவில்லை. நான் 1993-இல் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் சேர்ந்தபோது லோட்டஸ் 1-2-3-இல் 8,192 வரிசைதான். பாகங்களின் பட்டியல் அதில் அடங்காது. இயந்திர வாரியாகப் பிரித்து, வட்டு வட்டாக அலமாரியில் அடுக்கிவைப்போம். எல்லை எங்கே என்று எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருந்தது.

இந்த எல்லையில் நீங்கள் மட்டும் மாட்டவில்லை. 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, ஆய்வகங்கள் அனுப்பிய கோவிட் முடிவுகளை எக்ஸ்எல்எஸ் வகையில் வாங்கிவைத்தது. ஒரு நோயாளிக்கே பல வரிசை. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேர் அன்றாடக் கணக்கில் விடுபட்டார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடிச் சொல்லும் வேலையும் அத்தனை நாள் தாமதமானது.

மென்பொருளில் ஏற்றுமதி செய்யும் திரையில் 'தேதி முதல், தேதி வரை' என்று கேட்கும் அல்லவா, அங்கே வருடத்தைக் கொடுக்காமல் மாதத்தைக் கொடுங்கள். பன்னிரண்டு கோப்பு வரும். நவம்பரையும் டிசம்பரையும் முதலில் எடுத்துவிடுங்கள். அப்படியே போன வருடக் கோப்பின் கடைசி வரிசையையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.